நான் செத்துப்போன குறும்படத்துக்கு நான் எழுதிய குறிப்பு

1

போன மாதம் ஒரு குறும்படத்தில் நான் செத்துப்போனேன். அந்தப் படம் தேறுமா தேறாதா என்று எழுதித் தர வேண்டிய ஆளும் நானாகவே இருந்தேன். இதை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே மெல்போர்னில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். அதனால் எழுதுகிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பெயர் கன்னியம்மா. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஓர் ஊர். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அப்புறம் நாற்பது வருஷம் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலை. மகள் செல்வி படித்து, வேலை கிடைத்து இங்கே வந்தாள். பேத்தி பிறந்தபோது என்னை அழைத்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு என்றுதான் வந்தேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

இங்கே உள்ள தமிழ்ச் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறை குறும்பட விழா வைக்கிறார்கள். பெரிய நடிகர், பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. நாலு கூட்டாளிகளும் ஒரு காமிராவும் சேர்ந்து முதன்முதலாகப் படம் எடுக்கிற பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். இரண்டு பேர் ‘சரி’ என்றால் படம் திரைக்குப் போகும், எடுத்தவரை டிக்கெட் போட்டு வரவழைத்து மேடையேற்றுவார்கள். இல்லையென்றால் அந்த மூன்று குறிப்புகளும் கடிதமாக அவருக்குப் போகும், அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. எப்படி ஆனேன் என்றால், என் சந்தேகத்தால் ஆனேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் விழாவுக்குச் செல்வி என்னை இழுத்துப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பொண்ணு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். பின்னால் சோகமாகப் புல்லாங்குழல். நான் செல்வியின் காதில், “கொடம் காலி” என்றேன்.

முன்வரிசையில் இருந்த சங்கத்துச் செயலாளர் தம்பி திரும்பிவிட்டார். “எப்படிம்மா சொல்றீங்க?”

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். செல்விதான் என் காலில் ஒரு மிதி மிதித்துவிட்டு, “நெறஞ்ச கொடம்னா இடுப்பு ஒரு பக்கம் சாயும்னு சொல்றாங்க அண்ணா” என்றாள்.

அடுத்த வருஷம், அந்த மூன்று பேரில் ஒருத்தியாகச் சேரச் சொல்லி வீட்டுக்குப் படிவம் வந்துவிட்டது.

2

அந்தப் படிவம் சும்மா வரவில்லை. சங்கத்தில் கையெழுத்துப் போட்டு வேலை செய்ய வேண்டுமானால் போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். குறும்படம் பார்ப்பதற்குப் போலீஸ் எதற்கு என்று எனக்கு ஒரே பயம். ஊரில் போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்தால் ஆம்பளைகள் கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள். இங்கே நானே போய், நான் யோக்கியமா என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

பிறந்த தேதி கேட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதியைச் சொன்னேன். அந்த ஒரே தேதியில் எங்கள் தெருவில் பாதிப்பேர் பிறந்திருக்கிறோம். ரேஷன் கார்டில் வேறு வயசு, பாஸ்போர்ட்டில் வேறு வயசு. ஆபீசில் இருந்த வெள்ளைக்காரப் பொண்ணு இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று மூன்று நாள் யோசித்தேன். சான்றிதழ் வந்துவிட்டது. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. இந்த ஊரில் பஸ் டிரைவர் முகம் பார்த்து வணக்கம் சொன்னால், இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று தோன்றும். பக்கத்து வீட்டம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பேன். படத்தையும் அப்படித்தான் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியை வாசலில் வைத்துவிட்டு, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு, கூடத்தில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். கையில் நோட்டு. கதை எனக்கு அப்புறம்தான். முதலில் கால் பார்ப்பேன். கூலிக்காரி என்று சொல்லிவிட்டுக் குதிகாலில் ஒரு வெடிப்புகூட இல்லாமல் நிற்பாள். நோட்டில் ‘கால் பொய்’ என்று எழுதுவேன். அடுத்தது நடவு. நடவு நடுகிறவள் பின்னால் பின்னால் போவாள். முன்னால் போனால் நட்டதையே மிதிப்பாள். ஒரு படத்தில் பத்துப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு காமிராவைப் பார்த்து முன்னால் நடந்து வந்து நட்டார்கள். ‘இவர்கள் நட்ட வயலில் ஒரு நாற்றும் மிஞ்சாது’ என்று எழுதினேன். அந்தப் படம் எடுத்த பையன், பாவம், பதில் கடிதம் போட்டிருந்தான். “அம்மா, பின்னால போனா முகம் தெரியாது.”

முகம் தெரியாமல்தான் நாங்கள் நாற்பது வருஷம் நட்டோம்.

செல்வி என்னைத் திட்டுவாள். “ஏம்மா, சின்னப் பசங்க. ரெண்டு நல்ல வார்த்தை எழுதக் கூடாதா?”

“நல்லா கீறத நல்லா கீதுன்னு எழுதறேன். பொய்யப் போயி எப்டி நல்லா கீதுன்னு எழுதறது?”

“எல்லாமே பொய்தான்மா. படம்னா பொய்தான்.”

“அது எனக்குந் தெரியும். அதுக்குன்னு ஏமாத்தக் கூடாது.”

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

3

இந்த வருஷம் வந்த படங்களில் ஒன்றின் பெயர் ‘நாத்துக்கட்டு’. எடுத்தது பவித்ரா என்கிற பொண்ணு. ஊர் வாலாஜாபாத். இருபது நிமிஷப் படம். படம் பிடித்த இடம் என்று உத்திரமேரூர் வட்டம் போட்டிருந்தது.

எங்கள் பக்கத்துப் படம் என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. செயலாளர் தம்பி வேறு போன் செய்து, “அம்மா, இந்தப் படத்துக்கு ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தர், பல் டாக்டர், மறுபடியும் கிராமம் மறுபடியும் சாவான்னு வேண்டாம்னுட்டார். உங்க குறிப்புதான் மிச்சம். பார்த்து எழுதுங்க” என்றார். பார்த்து எழுதுங்க என்றால் என்ன அர்த்தம் என்று அதையும் யோசித்தேன்.

கதை சின்னது. எட்டுப் பெண்கள் நடவு நடுகிறார்கள். விடியலில் பறித்துக் கட்டின நாற்று வயலில் கிடக்கிறது. பாதி நட்டிருக்கும்போது, கூட நடவுக்கு வருகிற ஒருத்தி வீட்டில் செத்துப்போனாள் என்று சேதி வருகிறது. போட்டுவிட்டு ஓடினால் நாற்று வெயிலில் வாடிவிடும், கூலி கிடையாது, நாளைக்கு வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். நட்டுவிட்டுப் போனால் அதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள். இவ்வளவுதான்.

மத்தியானத்துக்கு மேல்தான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடவு பின்னால் போனது. கால் நிஜம். நாற்றுக்கட்டைத் தூக்கி எறிந்தால் சேறு தெறித்து முகத்தில் விழுந்தது, ஒருத்தியும் முகத்தைத் துடைக்கவில்லை. நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. தப்புச் செய்கிற படத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை. தப்பே செய்யாத படத்தைப் பார்த்தால்தான் இதில் ஏதோ இருக்கிறது என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒருத்தி குனிந்து நிமிர்ந்தாள். அந்த நிமிர்கிற தினுசு எனக்குத் தெரியும். வலது கையை இடுப்பில் வைத்து, தலையை இடப்பக்கம் வெட்டி.

அஞ்சலை.

பக்கத்தில் முனியம்மா. அந்தப் பக்கம் எல்லம்மா. என்னோடு முப்பது வருஷம் ஒரே வரப்பில் கஞ்சி குடித்தவர்கள். தலை நரைத்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது, முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

படத்தில் அவர்கள் ஆளுக்கொரு வரிசையாகப் பிடித்த நிரையை நட்டு முடித்துவிட்டு, சேற்றுக்காலோடு சாவு வீட்டுக்கு ஓடுகிறார்கள். வாசலில் வெள்ளைத்துணி போர்த்திய பிணம். தோளில் கை போட்டு, வட்டமாக உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்து அழ ஆரம்பிக்கிறார்கள். இதற்குள் பேத்தி நிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். திரையைப் பார்த்து, “ஏன் எல்லாரும் ஹக் பண்றாங்க? விளையாட்டுல ஜெயிச்சுட்டாங்களா?” என்றாள்.

அதற்குள் அஞ்சலை பாட ஆரம்பித்திருந்தாள்.

*ஏரிக்கரை ஓரத்துல ஏழு பேரு நட்ட நாத்து,
எட்டாவது நெரையில எடம் காலி கன்னிம்மா.
கடிதாசி வந்துகீது கையெழுத்துப் புரியலியே,
படிக்காமத் தாண்டுனியே பாதி வரி கன்னிம்மா,
பாதி வரி சொல்லித் தர யாரு வருவா கன்னிம்மா.*

எங்கள் ஊரில் கன்னியம்மாக்கள் நிறைய உண்டு. ஆனால் கடிதாசி படிக்கிற கன்னியம்மா ஒருத்திதான்.

4

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். யாருக்குக் கடிதாசி வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் நடவு சேறு காயாத கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படித்துக் காட்டுவேன். கூச்சக்காரிதான் நான். ஆனால் கடிதாசி படிக்கும்போது மட்டும் என் குரல் பெரிதாக வரும். அது என் சொந்தப் பேச்சு இல்லையே.

அஞ்சலையின் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் பெங்களூர் பக்கம் போயிருந்தார். ஒரு நாள் அவரிடமிருந்து கடிதாசி வந்தது. அதில் நடுவில், இங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று எழுதியிருந்தது. அஞ்சலை வயிற்றில் அப்போது ஏழு மாசம். நான் அந்த இரண்டு வரியைத் தாண்டிவிட்டு, “உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்” என்ற கடைசி வரிக்குப் போய்விட்டேன்.

அவள் கடிதாசியை வாங்கி மடித்து, “எப்ப வராராம்?” என்றாள்.

“வேல முடிஞ்சதும்” என்றேன்.

பிறகு பல வருஷம் அவள் அவர் வருவார் என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வருவார் என்பாள். பொங்கலுக்கு வருவார் என்பாள். நானும் ஆமாம் என்பேன். அவர் வரவில்லை. நாளாவட்டத்தில் மற்றவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்பேன்.

அந்த வரி அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

மறுநாள் மத்தியானம், ஊரில் காலை நாஷ்டா முடிகிற நேரம் பார்த்து, அஞ்சலைக்குப் போன் போட்டேன். பேசி மூன்று வருஷம் இருக்கும்.

“யாரு?”

“நான்தான். கன்னிம்மா.”

“எந்தக் கன்னிம்மா?”

“நீ பாட்டுப் பாடி சாவடிச்சியே, அந்தக் கன்னிம்மா.”

அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அஞ்சலை சிரிக்க ஆரம்பித்தாள். “அய்ய, அத்தப் பாத்துட்டியா நீ? அந்தப் பொண்ணு, யாரும் பாக்க மாட்டாங்க ஆயா, சின்னப் படம்னு சொல்லிச்சே!”

“சிரிக்காத. நான் உசுரோட கீறேன். எதுக்குடி என் பேரச் சொல்லி அழுத?”

“இன்னா பண்ணச் சொல்ற? அந்தப் பவித்ரா பொண்ணு வந்து, அழுவுங்க அழுவுங்கன்னுது. சும்மா அழுவறதுக்கு எங்களுக்கு வரல. யாருக்கு அழுவறதுன்னு கேட்டோம். பேர் இல்லாம எப்டி ஒப்பாரி சொல்றது? செத்தவங்க பேரச் சொல்லலாம்னா, கருமாதி முடிஞ்சி கரை சேந்துட்டவள மறுபடி கூப்புட்டா அவ எப்டி நிம்மதியா கீறது? சரி, உசுரோட கீறவ பேரச் சொல்லலாம்னா, முனிம்மா கையெடுத்துக் கும்புட்டா, என் பேரச் சொல்லாதீங்கடின்னு. எல்லம்மா எழுந்து ஓடியே பூட்டா.”

“அதுக்கு?”

“செத்தவளயும் கூப்புடக் கூடாது, கீறவளயும் கூப்புடக் கூடாது. நீதான் ரெண்டுலயும் இல்லியே.”

அவள் வேண்டுமென்று சொன்ன மாதிரி இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“நெஜமா அழுதீங்களா, துட்டுக்கு அழுதீங்களா?” என்று கேட்டேன்.

“கூலி குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. மூணு வாட்டி எடுத்தாங்க. மூணு வாட்டியும் கண்ணுல தண்ணி வந்துச்சி. நாலாவது வாட்டி எடுக்கறேன்னா, போம்மா, பேஜாரு பண்ணாத, ஒருத்திக்கு எத்தினி வாட்டி அழுவறதுன்னு எழுந்துட்டேன்.” மறுபடி சிரித்தாள். “பயப்படாத. உசுரோட கீறவளுக்கு அழுதா ஆயுசு கெட்டி. நீ இன்னும் இருவது வருசம் அந்தக் குளுர்ல கெடப்ப.”

நான் சிரிக்கவில்லை. “பாதி வரின்னு பாடினியே. அது இன்னா?”

அவள் சிரிப்பு நின்றது.

“உனக்குத் தெரியாதா?”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுடி. நான் லெட்டரையா பாத்தேன்? உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். உன் கண்ணு ஒரு எடத்துல போய் நின்னுச்சி. அப்பறம் தாண்டிச்சி. அந்தாளு வர மாட்டான்னு அங்கியே எனக்குப் புரிஞ்சிடுச்சி.”

“அப்பறம் ஏன் தீவாளிக்கு வருவாரு, பொங்கலுக்கு வருவாருன்னு சொல்லிக்கினு இருந்த?”

“நீ பொய் சொல்லிட்டு தூங்காம கெடந்த. உன்ன இன்னும் கஷ்டப்படுத்தச் சொல்றியா?”

போனை வைத்துவிட்டு என் நோட்டைப் புரட்டினேன். நாலு வருஷமாக யார் குடம் காலி, யார் கால் பொய் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நிரையில் நின்று ஒருத்தி எனக்காக வருஷக்கணக்கில் நடித்திருக்கிறாள். ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

6

இனி, குறிப்போடு நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம். அதில் ஐந்தாவது கேள்வி இது: இந்தப் படத்தில் பங்கெடுத்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டால் நம் குறிப்பு கணக்கில் சேராது. சேராவிட்டால் பவித்ராவுக்கு ஒரு ‘சரி’, ஒரு ‘வேண்டாம்’. படம் போய்விடும்.

சாயங்காலம் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சூப் குடித்துக்கொண்டே கேட்டாள்.

“இல்லைன்னு போட்டுடும்மா. அஞ்சலை அத்தை என்ன நடிகையா? உனக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு இங்க யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்ல?”

“உனக்குப் படம் பிடிச்சிருக்கா இல்லையா?”

“புடிச்சிருக்கு.”

“அப்ப அதுதானே உண்மை? ஒரு கட்டத்துக்காக அந்தப் பொண்ணு வாய்ப்பைக் கெடுப்பியா? அவளோட முதல் படம்மா.” மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

செல்வி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் நியாயமாகப் பட்டது. பிள்ளைத்தாச்சி, பாவம், இரண்டே இரண்டு வரி, தாண்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று. இந்த ஐந்தாவது கேள்வியை நான் தாண்டினால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன். அதற்குக் கீழே, தெரிந்தவர் பெயர் என்ற இடத்தில் ‘கன்னியம்மா’ என்று எழுதினேன். படத்தில் அவர் செய்த பணி என்ற இடத்தில் ‘பிணம்’ என்று எழுதினேன். உங்களுக்கு என்ன உறவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நானே’ என்று எழுதினேன்.

கணக்கில் சேராத குறிப்பானாலும் படம் எடுத்தவளுக்குக் கடிதமாகப் போகும். அதனால் அதையும் ஒழுங்காக எழுதினேன். இவ்வளவுதான் எழுதினேன்:

‘நடவு உண்மை. சேறு உண்மை. ஓட்டம் உண்மை. சேதி வந்ததும் எட்டுப் பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இன்னும் வேகமாக நடுவது மிகவும் உண்மை, அங்கே எனக்கு மூச்சு முட்டியது. அழுகை உண்மை. ஒரே ஒரு குறை. பாடையைத் தூக்கும்போது ஆம்பளைகளின் தோள் இறங்கவில்லை. துணிக்குள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. செத்தவள் வேறு ஊரில் உயிரோடு இருக்கிறாள்.’

செயலாளர் தம்பி இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். “அம்மா, என்னம்மா இது? பிணம்னு எழுதியிருக்கீங்க. கமிட்டியில எல்லாரும் குழம்பிட்டாங்க.”

“நெஜம்தான் தம்பி.”

“அப்ப உங்க குறிப்பை எடுத்துக்க முடியாதும்மா. படம் போயிடும்.”

“தெரியும் தம்பி.”

படம் போய்விட்டது. புல்லாங்குழல் வாசிக்கிற இரண்டு படம் தேறியது.

7

பவித்ராவிடமிருந்து போன் வரும் என்று நான் நினைக்கவில்லை. செல்வியின் நம்பருக்கு வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கு முகம் காட்டக் கூச்சம். போனைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசினேன். அவள் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

முதலில் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “அம்மா, எனக்குச் சத்தியமா தெரியாதும்மா. வெளிநாட்டுல இறந்துபோன ஒருத்தங்கன்னுதான் நெனச்சேன். உசுரோட இருக்கறவங்க பேருன்னு அஞ்சலை ஆயா சொல்லவே இல்ல.”

“அவ சொல்ல மாட்டா.”

“கோவமாம்மா?”

“படம் போச்சேன்னு உனக்குக் கோவம் இல்லியா?”

“இருக்கும்மா” என்றாள். “ரெண்டு நாள் உங்களத் திட்டிக்கினுதான் இருந்தேன். ஒரு கட்டத்துல டிக் போடாம விட்டிருந்தா நான் இந்நேரம் பாஸ்போர்ட் ஆபீஸ்ல நின்னுருப்பேன்.”

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் படத்தைப் போடப் போகிறார்களாம். அஞ்சலையும் மற்றவர்களும் வேன் வைத்துப் போகிறார்களாம். “அதுக்கு முன்னாடி உங்க பேர எடுத்துடறேன்மா. அந்த எடத்துல சத்தத்தக் கொறச்சி மியூசிக் போட்டுடலாம். உசுரோட இருக்கறவங்க பேரு படத்துல அப்படி இருந்தா எனக்கே ஒரு மாதிரி கீது.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் படத்தை இன்னொரு தடவை போட்டேன். படம் முடிந்து எழுத்து ஓடும்போது நான் எப்போதும் அணைத்துவிடுவேன். ஓடுகிற வேகத்துக்கு என்னால் எழுத்துக் கூட்ட முடியாது. இந்தத் தடவை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். காமிரா பிடித்தவர் பெயர் இருந்தது. வேன் ஓட்டியவர் பெயர் இருந்தது. சாப்பாடு கொடுத்த ஓட்டல்காரர் பெயர் இருந்தது. நடிப்பு என்ற இடத்தில், ‘மற்றும் கிராமத்துப் பெண்கள்’ என்று இருந்தது.

அந்த இருபது நிமிஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஒரே பெண் நான். அங்கே இல்லாதவள்.

பவித்ராவுக்கு நானே போன் போட்டேன். இந்தத் தடவை போனைக் கூரைக்குத் திருப்பவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள், ஏனென்று தெரியவில்லை.

“என் பேரு இருக்கட்டும். மியூசிக்கு போடாத. அவங்க மூணு வாட்டி அழுதத அழிக்காத. ஆனா கிராமத்துப் பெண்கள்னு போட்டுக்கிறியே, அதத் தூக்கு. எட்டு பேருக்கும் பேரு கீது. சொல்றேன், எழுதிக்கோ.”

“சொல்லுங்கம்மா.”

“அஞ்சலை. முனியம்மா. எல்லம்மா. குப்பம்மா. ராணி. பச்சையம்மா. சரசா.” அவர்கள் வயலில் நிற்கிற வரிசையிலேயே சொன்னேன். அந்த வரிசை எனக்கு மறக்காது.

“ஏழுதாம்மா வருது.”

எட்டாவது நிரையில் நிற்கிறவள் சின்ன வயசுக்காரி. முப்பது வயசுக்குள் இருக்கும். யாருடைய மருமகளாகவோ நான் வந்த பிறகு ஊருக்கு வந்திருப்பாள். நான் நின்ற இடத்தில் நிற்கிறாள். வட்டத்தில் எல்லோரும் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தின பிறகும், அவள் மட்டும் நிறுத்தாமல் அழுதுகொண்டிருக்கிறாள். காமிராகூட அவள் பக்கம் போய் நின்றுவிடுகிறது. நான் இருந்தேனா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. கன்னிம்மா, கன்னிம்மா என்று மார்பில் அடித்துக்கொள்கிறாள்.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். “நீதான் போயி அவ பேரக் கேக்கணும். அப்டியே, யார நெனச்சி அவ்ளோ அழுதான்னும் கேளு. என்ன நெனச்சி இல்ல. அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே இல்ல.”